மாலில் உட்காரலாம், மாசி வீதியில் வாங்கலாம்

வெளிநாட்டிலிருந்து மதுரைக்கு வருகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, "மாலுக்குப் போனீங்களா?" சிங்கப்பூரில் இருப்பவனைப் பார்த்து இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அங்கே பல எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையங்களில் படியேறினாலே மாலுக்குள்தான் வந்து நிற்போம். ஆனாலும் இந்த முறை அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் என்று ஒரு கூட்டத்தோடு ஊருக்குள் இருக்கிற ஒரு மாலில் பாதி நாள் கழித்தேன். மதுரைக்காரர்கள் அங்கே போவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்துக்கும் கடைகளுக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது; முட்டிவலி வேறு. டவுனுக்குள் துணி எடுக்கப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். ஏன் என்று பெண்களிடம் கேட்க வேண்டியதில்லை. விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் மணிக்கணக்கில் சுற்றினாலும், ஒதுங்குவதற்கு நம்பிப் போகக்கூடிய இடம் கிடைப்பது கஷ்டம். மாலில் அந்தக் கவலை இல்லை. சுத்தமான கழிப்பறை, லிஃப்ட், உட்கார பெஞ்சு, வெயில் படாத தளம். மே மாதத்தில் மதுரையில் இருந்தவர்களுக்கு ஏ.சி.யின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அம்மா அன்றைக்கு இரண்டு காபி குடித்தார்.

எஸ்கலேட்டர் அடியில் நின்றால் பொழுது போவதே தெரியாது. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பேரன் பேத்திகளோடு வந்த ஒரு பாட்டி, சேலைக் கொசுவத்தை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளையே முறைத்துப் பார்த்தபடி நின்றார். "ஏப்பா, இது எங்கிட்டுக் கொண்டு போயி விடும்?" செக்யூரிட்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சக் கோட்டுக்கு உள்ள கால வைங்க ஆத்தா, கீழ பாக்காதீக, என்னையப் பாருங்க." பாட்டி மேலே போய்ச் சேர்ந்ததும் பேரன்கள் விசிலடித்தார்கள். அந்த செக்யூரிட்டி தண்ணீர் குடிக்கப் போகும் வரை இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

சரி, கடைகள். சிங்கப்பூரில் பார்க்கிற அதே பிராண்டுகள், அதே தள்ளுபடி போர்டு. அம்மாவுக்கு, முடிச்சுப் போட்டுப் புள்ளி புள்ளியாகச் சாயமேற்றுகிற மதுரைச் சுங்குடிச் சேலை வேண்டும். "எத்னிக் செக்‌ஷன்ல பாருங்க சார்" என்று கை காட்டினார்கள். அங்கே சுங்குடியைத் தவிர எல்லாம் இருந்தது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை, பிறந்த ஊர் மாலில் கிடைக்கவில்லை.

அக்கா மகனுக்கு ஒரு சட்டை எடுத்து பில் போடப் போனால் மொபைல் நம்பர் கேட்டார்கள். சிங்கப்பூர் நம்பருக்கு எட்டு இலக்கம்தான். மெஷின் பத்து கேட்கிறது. நம்பர் தர மாட்டேன் என்றால் அதற்காகப் பொருளைத் தராமல் இருக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. கவுண்டர் பையனிடம் இதைச் சொன்னேன். "அது தெரியாது சார், சிஸ்டம் விடாது" என்றவன் கொஞ்சம் யோசித்து, "என் நம்பரப் போட்டுக்கறேன் சார், பாயிண்ட் எனக்கு ஏறிரும்" என்றான். நல்ல பிள்ளை, பிழைத்துக்கொள்வான்.

சினிமா வாசலில் அம்மாவின் தண்ணீர் பாட்டிலையும் முறுக்குப் பொட்டலத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முறுக்கு விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் சட்டம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்ணீர்க் குழாய் இருந்தது, எங்கேயோ கடைசி மூலையில், டம்ளர் இல்லாமல். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களை அழைத்துப் போனால் முதலில் அந்த மூலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்குடிக்கு மறுநாள் தெற்கு மாசி வீதிக்குத்தான் போனோம். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று நான்கு அடுக்காக ஓடும் வீதிகளில் எங்கே என்ன கிடைக்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஜவுளிக்குத் தெற்கு மாசி வீதி, நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, மொத்த மளிகைக்குக் கீழ மாசி வீதி. கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துத் தையல்காரர்கள் மட்டும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். மாலின் வரைபடத்தைவிட இது சுலபம்.

கடைக்காரர் ஒரு சேலையை மடியில் போட்டுப் பிரித்து, புள்ளியை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் சுருங்கி நிற்கும், வட்டமும் ஒன்றுபோல் இருக்காது. அச்சடித்ததில் தடவினால் ஒன்றும் தட்டாது. அம்மா ஒன்று எடுக்கப் போய் மூன்று எடுத்தார். பேரம் பேசினோம், கொஞ்சம் குறைத்தார். காசில்லாமல் மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். மாலில் காகிதப் பைக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உறுத்தியது விற்பனைப் பெண்களின் நிலைமை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. மால் கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப் பெட்டி இருந்தது. மாசி வீதிக் கடையில் அந்தப் பெண் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றாள். நாங்கள் கிளம்பும் வரை அவள் உட்காரவில்லை.

ஊருக்கு வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு சாயங்காலம் மாலுக்குப் போகவே போகாதீர்கள். வாரநாள் காலையில் போனால் பிள்ளைகள் ஓடியாட இடம் கிடைக்கும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர் நம்பரிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ள 2023-லிருந்து வழி இருக்கிறது. புறப்படும் முன்பே வங்கியிடம் கேட்டு முடித்துவிடுங்கள், பூக்காரம்மா வரைக்கும் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார்கள். ஆட்டோவுக்கு மட்டும் கையில் சில்லறை வேண்டும். ஆப்பில் பிடித்தாலும் "எங்க சார் போகணும், கேஷா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. மால் போர்ட்டிகோவுக்குள் ஆட்டோவை விட மாட்டார்கள். எனவே முட்டிவலிக்காரர்களை உள்ளே பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு, வண்டி வந்து கேட்டில் நின்ற பிறகு கூப்பிடுங்கள்.