டொயோட்டா ஜிஆர்86 பேஸ் மாடல்: அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்ததில்

பதினோரு வருடமாக நான் கிளட்ச் மிதிக்கவில்லை. ஊரில் அப்பாவின் பழைய மாருதியில் கற்றுக்கொண்டதோடு சரி, டெக்சாஸ் வந்த நாளிலிருந்து ஆட்டோமேட்டிக்தான். அலுவலகம், பள்ளிக்கூடம், மளிகைக் கடை என்று எல்லாம் ஒரு பெரிய எஸ்யூவியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கும் ஒரு டீலரிடம் டொயோட்டா ஜிஆர்86 பேஸ் மாடலை, அதாவது விலை குறைந்த அடிப்படை மாடலை, அதுவும் மேனுவல் கியரில், அரை மணி நேரம் ஓட்டினேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றித்தான் பேசுகிறேன். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த கார் இது. சுபாரு பிஆர்இசட் இதன் உடன்பிறப்பு, இரண்டும் ஜப்பானில் குன்மாவில் உள்ள சுபாரு தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. 86 என்ற எண், 1983-இல் வந்த கொரோலா லெவின், ஸ்ப்ரிண்டர் ட்ருவெனோ கார்களின் ஏஇ86 என்ற குறியீட்டிலிருந்து எடுத்தது. எடை குறைவு, என்ஜின் முன்னால், விசை போவது பின் சக்கரங்களுக்கு, விலையும் ஓரளவு எட்டும்படி: அந்தப் பழைய கார் இப்படித்தான் இருந்தது, இதுவும் இப்படித்தான். இந்தியாவில் டொயோட்டா இதை விற்பதில்லை. ஊரிலிருந்து கேட்ட நண்பர்கள் இரண்டு பேருக்கு அதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருந்தது.

முந்தைய தலைமுறையில் 2.0 லிட்டர் என்ஜின். அதை ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள், 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் தடவை) பக்கத்தில் இழுவை ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி குறைந்துவிடும் என்று. இப்போதைய 2.4 லிட்டர் என்ஜினில் அந்தப் பள்ளம் நிரம்பிவிட்டது. டர்போ கிடையாது. 228 குதிரைத்திறன், 184 பவுண்டு-அடி டார்க் (இழுவை விசை), அந்த டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. பழையதில் 6,000-ஐத் தாண்டிப் போனால்தான் கிடைக்கும். நகரத்துக்குள் ஓட்டும்போது இந்த ஒரு மாற்றம்தான் முதலில் தெரியும்.

சரி, பேஸ் மாடல் ஏன்? 2022 மாடலாக அமெரிக்காவில் வந்தபோது பேஸ் 27,700 டாலர், அதற்கு மேல் மாடலான பிரீமியம் 30,300 டாலர். இன்று போக்குவரத்துக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்தால் பேஸே 30,000-ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பிரீமியத்தில் கிடைப்பவை 18 அங்குலச் சக்கரம், இன்னும் நல்ல டயர், பின்னால் ஒரு வாத்து வால் ஸ்பாய்லர், சூடாகும் இருக்கை, ஆறுக்குப் பதில் எட்டு ஸ்பீக்கர், பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு. என்ஜின் அதே, கியர்பாக்ஸ் அதே, பிரேக் அதே. வளைவில் பின் சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டார்சன் டிஃபரன்ஷியலும் பேஸிலேயே வந்துவிடுகிறது. பல கம்பெனிகள் இதை மேல் மாடலுக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். டெக்சாஸ் வெயிலில் எனக்குச் சூடாகும் இருக்கை எதற்கு? துணி இருக்கைதான் இங்கே சுகம், மதியம் மூன்று மணிக்கு வெயிலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஓட்டுவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் வேறொரு டீலரிடம் போனேன், பெயர் வேண்டாம். அங்கே ஒரு கார் நின்றது, கண்ணாடியில் கம்பெனி விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சீட்டு, மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று போட்டு மேலே சில ஆயிரம் டாலர். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் கடனுக்கு விண்ணப்பம் நிரப்புங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஓட்டாத காருக்கு நான் எதற்கு என் கணக்கு வழக்கைக் காட்ட வேண்டும்? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் லைசென்ஸை நகல் எடுத்துக்கொண்டார்கள், சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சீட்டில் இருந்த விலைதான் விலை. நீங்கள் தேடும்போது முப்பது நாற்பது மைல் தள்ளிப் போகவும் தயாராக இருங்கள், அதே கார் அங்கே நேர்மையான விலையில் நிற்கலாம்.

கதவைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது, கண்ணாடி தானாக ஒரு விரல் அளவு கீழே இறங்கி வழிவிடுகிறது. உள்ளே உட்காருவது என்பது கிட்டத்தட்ட தரையில் உட்காருவது போல, இடுப்பு அவ்வளவு கீழே போய்விடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்கி நான்கு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உட்கார்ந்த பிறகு எனக்கு எல்லாமே கைக்கு வந்தது. ஸ்டீயரிங் நேராக நெஞ்சுக்கு எதிரே, கியர் கம்பி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பக்கத்தில் நிஜமான ஹேண்ட் பிரேக், இழுத்தால் பல் பல்லாகச் சத்தம் கேட்கும். முன் கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு பக்கமும் மட்கார்டின் மேடு தெரிகிறது, சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம். ஏசிக்குத் திருகும் குமிழ்கள்தான், திரையைத் தடவ வேண்டாம். அந்த ஒன்றுக்காகவே இதை வடிவமைத்தவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும்.

விற்பனையாளர் பக்கத்தில் ஏறிக்கொண்டார், இளைஞர், அதிகம் பேசவில்லை. 183 நெடுஞ்சாலையில் ஏறி, லூப் 360 சாலையில் இறங்கி, பென்னிபேக்கர் பாலத்துக்கு முன்னால் 2222 சாலையில் திரும்பி, 620 சாலை வழியாகத் திரும்பி வரலாம் என்றார். ஆஸ்டின்காரர்களுக்குத் தெரியும், நம்ம ஊரில் இருக்கும் கொஞ்சநஞ்ச மலை வளைவுகளில் பாதி அந்த 2222-இல்தான் இருக்கிறது.

கிளட்ச் லேசு. பிடிக்கும் இடம் கொஞ்சம் மேலே இருக்கிறது, இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாலே கால் புரிந்துகொள்கிறது. என் சிக்கல் கையில் இருந்தது. ஊரில் இடது கையால் கியர் போட்டுப் பழகிய உடம்பு, இங்கே வலது கையால் போட வேண்டும். பெடல்கள் வரிசை மாறவில்லை, கால் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, இடது கை மட்டும் முதல் இரண்டு சிக்னலில் கதவுப் பக்கம் போய்த் தேடியது. மூன்றாவது சிக்னலில் வலது கை கற்றுக்கொண்டுவிட்டது. கியர் கம்பியின் பயணம் சின்னது, மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, சூடானதும் ஒவ்வொரு கியரும் அதன் இடத்தில் டக்கென்று உட்கார்கிறது. அந்த டக்கை உள்ளங்கையில் உணர்ந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாதடா, கால்ல கேளு" என்று சொன்னது ஞாபகம் வந்தது.

183-இல் ஏறும் சரிவில் இரண்டாம் கியரில் முழுசாக மிதித்தேன். இந்தக் கார் 7,400 ஆர்பிஎம் வரைக்கும் போகும், இரண்டாம் கியரிலேயே கிட்டத்தட்ட 60 மைல் வேகம் வந்துவிடும். பின் முதுகில் அறைகிற வேகம் என்று சொல்ல மாட்டேன். 60 மைலைத் தொட 6.1 விநாடி என்று டொயோட்டா சொல்கிறது, இன்றைக்கு மின்சாரக் குடும்பக் கார்களே அதைவிட வேகம். ஆனால் அந்த வேகத்தை நீங்கள்தான் செய்கிறீர்கள், ஊசி ஏற ஏறக் காத்திருந்து, சரியான இடத்தில் கிளட்ச் மிதித்து, அடுத்த கியரைப் போட்டு. எஸ்யூவியில் ஒரு வருடம் ஓட்டினாலும் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்த ஆறு விநாடியில் கிடைத்தது.

2222-இல் வேக எல்லையைத் தாண்டவே இல்லை. தாண்டத் தேவையும் வரவில்லை. முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு திரும்பிவிட்டது, எஸ்யூவி போல ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டுத் திரும்பும் வேலை இல்லை. என்ஜின் படுத்த வாக்கில் இருக்கும் பாக்ஸர் என்ஜின், எடை முழுக்கத் தரையை ஒட்டி இருக்கிறது. கூரையும் பானட்டும் அலுமினியம். மொத்த எடை சுமார் 1,275 கிலோ. இப்போதைய மஸ்டாங் நான்கு சிலிண்டர் மாடலே 1,600 கிலோவைத் தாண்டும். அந்த முந்நூற்றைம்பது கிலோ வித்தியாசம் ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

அப்புறம் டயர். பேஸில் வருவது 17 அங்குலச் சக்கரத்தில் மிஷலின் பிரைமசி, 215 அகலம், சாதாரண செடான் கார்களில் போடும் ரகம். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் இந்த மாடலின் உயிர். பிடிமானம் குறைவு என்பதால் டயர் தன் எல்லைக்கு எப்போது வருகிறது என்பதை 40 மைல் வேகத்திலேயே சொல்லிவிடுகிறது, மெல்லச் சொல்கிறது, ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் ஒரு நெளிவாக. ஓர் இறக்க வளைவில் ஆக்சிலரேட்டரை லேசாக விட்டதும் பின்பக்கம் ஒரு நூலிழை வெளியே நகர்ந்து மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது, நான் ஒன்றும் செய்யவில்லை, கார்தான் தகவல் சொன்னது. திரும்பி வந்ததும் பிரீமியத்தையும் பத்து நிமிடம் ஓட்டினேன், அதில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. அதே சாலை வேகத்தில் அது வாயே திறக்கவில்லை, இன்னும் வேகமாகப் போனால்தான் பேசும். அந்த வேகத்தைப் பொதுச் சாலையில் நான் தொடப் போவதில்லை. ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் பிரீமியம் எடுங்கள், இல்லையென்றால் பேஸில் மிச்சமாகும் காசுக்குப் பிறகு உங்களுக்குப் பிடித்த டயரைப் போட்டுக்கொள்ளலாம். மழையில் மட்டும் கவனம், இந்த டயரோடு ஈரச் சாலையில் பின் சக்கர வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் நிதானமாக ஆரம்பியுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. 70 மைலில் ஆறாம் கியரில் கூட என்ஜின் 3,000 ஆர்பிஎம் பக்கத்தில் சுற்றுகிறது, அதோடு டயர் சத்தமும் சேர்ந்து நீண்ட பயணத்தில் காது களைத்துப்போகும். ஹூஸ்டன் வரைக்கும் சரி, டல்லஸ் தாண்டினால் யோசிக்க வேண்டும். என்ஜின் சத்தம் என்று கேட்பதில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருகிறது, அதை நான் விரும்பவில்லை, இவ்வளவு நேர்மையான காருக்கு அது தேவையும் இல்லை. பின் ஜன்னல் தூண் தடிமன், பேஸில் பக்கவாட்டு எச்சரிக்கையும் கிடையாது, லேன் மாறும்போது கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பேஸ் என்றாலும் அதிக ஆக்டேன் உள்ள பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும், மேனுவலுக்கு நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து காலனுக்கு 22 மைல் என்பது அரசாங்கக் கணக்கு. ஆட்டோமேட்டிக்கில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் இந்தக் காரை ஆட்டோமேட்டிக்கில் வாங்காதீர்கள், தயவுசெய்து.

பின் இருக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குடும்பக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த நாள் மகளை அழைத்துக்கொண்டு போனேன், பத்து வயது. எனக்குப் பின்னால் உட்காரவே முடியவில்லை. மறுபக்கம், முன் இருக்கையை நன்றாக முன்னுக்குத் தள்ளியபின் உட்கார்ந்தாள். "அப்பா, பத்து நிமிஷம்னா ஓகே, ஸ்கூலுக்கு ஓகே" என்றாள். பள்ளிக்கூடம் எங்களுக்கு எட்டு நிமிடம்தான். அந்த இருக்கையை மடித்துவிட்டால் நான்கு டயர்களை அடுக்கும் அளவுக்கு இடம் வருகிறது, டிராக்குக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்தது அது. ஒரே கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சரிவராது. எங்கள் வீட்டில் எஸ்யூவி இருக்கப் போகிறது.

வேறு எதையெல்லாம் யோசித்தேன் என்று கேட்டால், மஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டுவதற்கு இதற்குச் சமம், ஆனால் இரண்டே இருக்கை, மகளுக்கு இடமில்லை. மஸ்டாங் நான்கு சிலிண்டரில் 2024 முதல் மேனுவலே கிடையாது. நிசான் இசட்டில் 400 குதிரைத்திறன், விலையும் அதற்கேற்ப பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். பிஆர்இசட் ஒன்றுதான் நேரான போட்டி, அதன் சஸ்பென்ஷன் கொஞ்சம் அடக்கமாக வைக்கப்பட்டது, இதன் பின்பக்கம் கொஞ்சம் துறுதுறு. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது சுற்றி வரும் வழியை நீங்களே சொல்லுங்கள், நேரான நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வந்தால் இந்தக் காரில் சத்தமும் குலுக்கலும் மட்டும்தான் தெரியும். இன்னொன்று, இங்கே புது ஜிஆர்86 வாங்குகிறவர்களுக்கு நாசா, அதாவது தேசிய ஆட்டோ ஸ்போர்ட் சங்கம், அதில் ஒரு வருட உறுப்பினர் அட்டையும் டிராக்கில் ஒரு நாள் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கும். பல பேர் அதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள், விற்பனையாளரிடம் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

நான் முன்பணம் கட்டிவிட்டேன். பேஸ், மேனுவல், நீலம். கார் வந்து ஆயிரம் மைல் ஓடியதும் அந்த டயர்கள் மழையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று எழுதுகிறேன்.