முன்பக்க கிளைமா, நியூட்ரிஷன் டேபிளா, இன்கிரீடியன்ஸ் லிஸ்டா? என் ஓட்டு லிஸ்டுக்குத்தான்

பாக்கெட் ஐட்டம் வாங்கும்போது பாக்குறதுக்கு மூணு இடம் இருக்கு. முன்னாடி பெருசா போட்டிருக்க கிளைம், பின்னாடி இருக்க நியூட்ரிஷன் டேபிள், அப்புறம் மடிப்புக்குள்ள பொடி எழுத்துல ஒளிஞ்சிருக்க இன்கிரீடியன்ஸ் லிஸ்ட். அம்மாவுக்கு ராகி பிஸ்கட், பசங்களுக்கு பிரெட், ஜூஸ்னு எங்க வீட்டுக்கு எல்லாம் வாங்குறது நான்தான், மூணையும் பாத்து பாத்து இப்போ லிஸ்ட் பக்கம் சாஞ்சுட்டேன்.

முன்பக்கத்தைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. கடலை எண்ணெய்ல 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'ன்னு போடுறாங்க, செடியில இருந்து வர்ற எண்ணெய்ல அது எப்படிங்க இருக்கும்? ஆனா எல்லா கிளைமும் டுபாக்கூர் இல்ல. 'சுகர் ஃப்ரீ'ன்னா 100 கிராம்ல சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக்கூடாது, 'ஹை ஃபைபர்'னா 100 கிராமுக்கு 6 கிராமாவது நார்ச்சத்து இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐயோட (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2018 விதியில இருக்கு. பின்னாடி ஒரு நம்பர் நிக்கிற கிளைமை மதிக்கலாம். 'குட்னஸ்', 'பவர்' எல்லாம் சும்மா கூவுறது.

டேபிள்ல ஒரே ஒரு காலம் பாத்தா போதும், 100 கிராமுக்கு எவ்வளவுங்கிறது. 'பெர் சர்வ்'னு (ஒரு தடவை சாப்பிடுற அளவுக்கு) இருக்கிறதை வச்சு ரெண்டு பிராண்டை கம்பேர் பண்ணாதீங்க, ஒருத்தர் 20 கிராமை ஒரு சர்வ்னு சொல்வார், இன்னொருத்தர் 30ம்பார், நம்ம வீட்டுல பாதி பாக்கெட் டீயோட போயிடும்.

இப்போ லிஸ்ட். எடை அதிகமா இருக்கிறதுல இருந்து கம்மியா இருக்கிறது வரைக்கும் வரிசையா எழுதணும்ங்கிறது விதி, இது நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த விஷயம், எனக்கு முடிவே இதுலதான் ஆச்சு. முன்னாடி ஒரு பொருளை வார்த்தையாலயோ படத்தாலயோ தூக்கிக் காட்டினா, அது எத்தனை சதவீதம்னு போட்டாகணும் (வாசனைக்கு சும்மா துளி சேர்க்கிறதுக்கு மட்டும் விலக்கு உண்டு). அதாவது எவ்வளவு சத்தமா கத்துறாங்களோ அவ்வளவு ஈஸியா நாம பிடிச்சிடலாம். ராகி கதிர் படம் போட்ட பிஸ்கட்டைத் திருப்புங்க, முதல்ல மைதா, அப்புறம் சர்க்கரை, பாமாயில், அதுக்கும் பின்னாடி ராகி, பக்கத்துல ஒரு சின்ன நம்பர். அதே ரேக்குல ராகி முதல் இடத்துல இருக்கிற பாக்கெட்டும் இருக்கும், அட்டை மட்டும் டல்லா இருக்கும். பிரவுன் பிரெட்டும் இப்படித்தான், ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்னு ஆரம்பிச்சா அது மைதா, கலர் 150னு ஏதாவது இருந்தா கேரமல் போட்டு வந்த பழுப்பு. மாம்பழ 'ட்ரிங்க்'ல பழம் 10 சதவீதம் இருந்தாலே சட்டப்படி ஓகே. '100% ஃப்ரூட் ஜூஸ்'னு போடுறதை நிறுத்தச் சொல்லி 2024 ஜூன்ல எஃப்எஸ்எஸ்ஏஐ சொன்னப்ப பெரிய நியூஸ் ஆச்சு, ஆனா தண்ணி, ஜூஸ் கான்சென்ட்ரேட்னு (தண்ணி எடுத்துக் கெட்டியாக்கின ஜூஸ்) லிஸ்ட்ல அதுக்கு முன்னாடியே எழுதித்தான் இருந்துச்சு.

எங்க அம்மா பெங்களூரு அல்சூர்லயே பாதி வாழ்க்கை இருந்தவங்க, கன்னடம் சரளமா பேசுவாங்க, படிக்கிறது தமிழ் மட்டும்தான். லேபிள்ல இங்கிலீஷோ ஹிந்தியோ இருந்தா போதும்ங்கிறதால அவங்களுக்கு படமும் பச்சைப் புள்ளியும்தான் லேபிள். அந்தப் படத்துல இருக்கிறதோட சதவீதத்தை மட்டும் தேடு, நம்பர் எந்த பாஷையிலயும் நம்பர்தானேன்னு சொல்லிக் கொடுத்தேன், இப்போ கடைக்காரர்கிட்டயே காட்டிக் கேக்குறாங்க.

லிஸ்டுக்கும் ஓட்டை இருக்கு. சர்க்கரையையே சுகர், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப்னு பல பேர்ல பிரிச்சு எழுதினா ஒவ்வொண்ணும் கீழ இறங்கிடும், அப்போ டேபிள்ல 'ஆடட் சுகர்' வரியைப் பாருங்க. உப்பு விஷயத்துல லிஸ்ட் சுத்தமா உதவாது. எடை கம்மிங்கிறதால கடைசியிலதான் வரும், ஆனா அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ்ல ஆளைக் கவுக்கிறதே அதுதான். சோடியத்தை 2.5ஆல பெருக்கினா உப்பு, ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம்னு லேபிள் கணக்கு. பிபி இருக்கிற வீடுன்னா டேபிளை முதல்ல பாருங்க, அங்க நான் கட்சி மாறிடுவேன்.

குழந்தைங்க ஃபுட், புரோட்டீன் பவுடர் எல்லாம் நான் அதிகம் வாங்கினதில்ல, அதுக்கும் இதே கணக்குன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். டெலிவரி ஆப்ல வாங்குறவங்களுக்கு ஒண்ணு, முன்பக்க போட்டோ பளிச்னு இருக்கும், பின்பக்கம் சில சமயம் ஜூம் பண்ணாலும் மங்கலாத்தான் தெரியும், இல்ல போட்டோவே இருக்காது. புது பிராண்டை மட்டும் முதல் தடவை கடையில எடுத்துத் திருப்பிப் பாத்து வாங்கிட்டு, அடுத்த மாசத்துல இருந்து ஆப்ல போட்டுக்கிறேன்.