ரெடிமேட் செப்டிக் டேங்க்: மீஞ்சூர் பக்கத்து ஈர மண்ணுக்குத் தாங்குமா?

பாதாளச் சாக்கடை வராத மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துக் கிராமங்களில் கழிவுக் குழிக்கு உறை (சிமென்ட் வளையம்) இறக்குவதற்குப் பதிலாகப் போடச் சொல்லி விற்கப்படும் மூன்று அறை பிளாஸ்டிக் டேங்க் இது. ஐந்து பேர் வீட்டுக்கு, டாய்லெட் தண்ணீர் மட்டும் என்றால் 1000 லிட்டர் போதும். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரையும் இதிலேயே விட்டால் கசடு அடியில் தங்க நேரமே கிடைக்காது. கலங்கலாக வெளியே தள்ளிவிடும்.

பொருளில் குறை சொல்ல அதிகமில்லை. உறை போலக் கசிந்து பக்கத்துக் கிணற்றைக் கெடுப்பதில்லை. வம்பெல்லாம் பதிக்கிற விதத்தில்தான். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். காலி டேங்க் முழுக்க நீரில் மூழ்கினால் சுமார் ஒரு டன் விசை மேலே தள்ளும். டேங்க்கோ இரண்டு பேர் தூக்குகிற எடை. மண்ணைப் பிளந்து மிதந்து, 4 இஞ்ச் பைப்பையும் முறித்துக்கொண்டு எழும். அதனால் அடியில் 6 இஞ்ச் கான்கிரீட், டேங்க்கைவிடச் சுற்றிலும் ஒரு அடி அகலமாகப் போட்டு, அதில் கொக்கி விட்டு பட்டையால் கட்ட வேண்டும். அந்த ஓரத்தில் உட்காரும் மண்ணின் பாரமும் டேங்க்கைப் பிடித்துக்கொள்ளும். டேங்க்கைச் சுற்றி மணல் நிரப்பும்போது உள்ளேயும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே வரணும். இல்லாவிட்டால் பக்கச் சுவர் உள்வாங்கும். இந்த வேலைக்கு மேஸ்திரி அலுத்துக்கொள்வார், விடாதீர்கள்.

‘ஆயுசுக்கும் கிளீனிங் வேண்டாம்’ என்று ஒரு பாக்டீரியா பவுடரையும் சேர்த்து விற்கிறார்கள். பவுடர் தேவையே இல்லை, மலத்திலேயே வேண்டிய கிருமி இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 30 முதல் 40 லிட்டர் கசடு சேரும். ஐந்து பேருக்கு மூன்று வருஷத்தில் பாதி டேங்க் நிறைந்துவிடும். நீளக் குச்சியில் பழைய வெள்ளைத் துணி சுற்றி முதல் அறையில் இறக்கிப் பாருங்கள். கறுப்புக் கறை ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடலாம். ஆசிட், பிளீச்சிங் பவுடரைத் தாராளமாக ஊற்றுகிற வீட்டில் கிருமி செத்து, இன்னும் சீக்கிரம் நிறையும்.

மூன்றாவது அறையிலிருந்து வருவது தெளிந்த தண்ணீர் மாதிரி தெரியும், நோய்க்கிருமி பெருமளவு அப்படியே இருக்கும். மழைநீர் வடிகாலில் விடக்கூடாது. நீர்மட்டம் மேலே இருக்கிற இடத்தில் உறிஞ்சு குழியும் வேலை செய்யாது. 2 அடி ஆழத் தொட்டியில் ஜல்லி நிரப்பி, கல்வாழை நட்டு அதன் வழியே விடலாம். தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 2 இஞ்ச் கீழேயே நிற்கட்டும், கொசு வராது. டேங்க்கின் வாயு வெளியேறும் வென்ட் பைப் தலையில் வலை கட்டாயம்.

லாரியை வெயில் காலத்தில் அழையுங்கள். மழையில் உறிஞ்சினால் காலி டேங்க் மிதக்கப் பார்க்கும். உறிஞ்சிய கையோடு தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஆள் உள்ளே இறங்கித் துடைக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: விஷவாயு ஒருபுறம், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம் இன்னொருபுறம்.