வசந்தத்தில் பனிமலை: கொலராடோவா, கேஸ்கேடா?

மார்ச் முடிகிற சமயம் எங்கள் நாலு பேருக்குள் வருடாவருடம் இதே பேச்சுதான். ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் கட்டிக்கொண்டு ஏறப்போவது கொலராடோவின் ராக்கி மலைகளிலா, வாஷிங்டன் மாநிலத்துக் கேஸ்கேட் மலைகளிலா? கொலராடோவுக்கு இரண்டு ஏப்ரல்களில் போயிருக்கிறேன். அதற்கப்புறம் ஐந்து வருடமாகக் கேஸ்கேட்தான். இந்த மே மாதத்துக்கும் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்கு அனுமதிச்சீட்டு எடுத்தாயிற்று.

உயரம், வெயில், நீல வானம் என்று பார்த்தால் கொலராடோவை அடிக்க முடியாது. லவ்லேண்ட் கணவாயில் காரை நிறுத்தும் இடமே கிட்டத்தட்ட 12,000 அடி. கேஸ்கேடில் வாரக்கணக்கில் மழையும் மூட்டமும் இருக்கும். அதெல்லாம் சரி. நான் பார்ப்பது பனியின் அடியில் என்ன இருக்கிறது என்பதை.

கொலராடோவில் பனி குறைவு, குளிர் அதிகம். முன்குளிர்காலத்தில் மெல்லிசாகப் பெய்த பனிக்குக் கீழே தரையின் வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். இந்த வித்தியாசத்தில் அடிப்பனி உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடுகிறது. அங்கே ஒரு தடவை குழி தோண்டிப் பார்த்தோம். மேலே ஒரு மீட்டருக்குக் கெட்டிப் பனி. அடியில் விரலை விட்டதும் வறுத்த ரவை போலப் பொலபொலவென்று கொட்டியது. கைக்குள் வைத்து இறுக்கினாலும் உருண்டை பிடிக்கவில்லை. அந்த ரவையின் மேல்தான் மலைச்சரிவின் மொத்தப் பனியும் உட்கார்ந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் கணவாய்க்குப் பக்கத்தில் ஷீப் கிரீக்கில் ஐந்து பேர் இறந்த பனிச்சரிவு இப்படிப்பட்ட அடியடுக்கில் உடைந்ததுதான். மேற்பரப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

கேஸ்கேடில் பசிபிக் கடலின் ஈரக்காற்று பனியை மீட்டர் கணக்கில் கொட்டுகிறது. ஆழம் அதிகம், குளிர் மிதம் என்பதால் அடுக்குகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. புயலை ஒட்டிய நாட்கள் அங்கேயும் ஆபத்தானவைதான். ஆனால் மே மாதத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் மிஞ்சும்: பகலில் இளகிய பனி நேற்று ராத்திரி உறைந்ததா?

இதற்குத் தெர்மாமீட்டர் மட்டும் போதாது. வானம் தெளிவாக இருந்தால், காற்று பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும், பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிவிடும். மேகம் மூடினால் போர்வை போர்த்தியது போலச் சூடு உள்ளேயே தங்கிவிடும். போன மே மாதம் விடியற்காலை நாலு மணிக்குப் பார்த்தேன், ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஊன்றிய கோல் இரண்டு விரல் கனத் தோலைக் குத்திக்கொண்டு கூழ்ப்பனிக்குள் இறங்கியது. அங்கேயே திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் வானம் நிறைய நட்சத்திரம், கோல் பட்ட இடமெல்லாம் டக் டக்கென்று சத்தம். காலணியில் கிராம்பான் என்னும் இரும்பு முட்களை மாட்டி, செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வாயின் 8,363 அடி விளிம்புக்கு ஏறி, வெயிலில் மேற்பனி ஒரு அங்குலம் இளகும்வரை காத்திருந்து இறங்கினோம். கால் கணுக்கால் வரை புதைந்தாலோ, பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினாலோ, நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, விளிம்பில் எட்டிப் பார்க்கவே கூடாது. தரை மாதிரித் தெரியும் பனி, எரிமலை வாய்க்கு மேலே அந்தரத்தில் நீண்டிருக்கும்.

கொலராடோ பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே தினசரிப் பனிச்சரிவு முன்னறிவிப்பு மே மாதத்திலும் வரும். கேஸ்கேடில் ஏப்ரலோடு நின்றுவிடுவதால், அப்புறம் நம் கண்தான் துணை. உருகிய நீர் முதல்முறை அந்த ரவை அடுக்கைத் தொடும் நாட்கள்தான் கொலராடோவில் மோசமானவை. அது கடந்து, பனி முழுக்க நனைந்து வடிந்து, ராத்திரிதோறும் உறையத் தொடங்கிவிட்டால் அங்கும் நிலைமை அமைதியாகிவிடும் என்று அந்த ஊர் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் போனதெல்லாம் ஏப்ரலில்தான், அதனால் அந்தப் பனியை மிதித்துப் பார்த்ததில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு தடவை போகலாம் என்று நினைத்திருக்கிறேன்.