சாலை அடித்தளத்துக்கு எந்த ரோட்டரி லேசர்: மட்ட லேசரா, இரட்டைச் சரிவா?

ஜி.எஸ்.பி., வெட்மிக்ஸ் (சாலைக்கு அடியில் போடும் ஜல்லிக் கலவைகள்) விரிக்கும்போது உயரம் பார்க்க, கதிரைச் சுற்றிலும் வீசும் ரோட்டரி லேசர் வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் எடுத்து வைப்பது இரட்டைச் சரிவு மாடலைத்தான். நீளவாக்கில் ஒரு சரிவு, குறுக்கே ஒரு சரிவு, இரண்டையும் சதவீதமாக அதிலேயே போட்டுக்கொள்ளலாம். நாங்கள் வாங்கியது தானாக மட்டம் பிடித்துச் சுற்றும் சாதாரண சிவப்பு மட்ட லேசர். ஓமலூர், வாழப்பாடி பக்கத்துக் கிராமச் சாலைகள்தான் எங்களுக்கு அதிகம். அந்த வேலைக்கு இதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

சிவப்பா பச்சையா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். சேலத்து வெயிலில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது, கதிரைப் பிடித்துக் காட்டும் ரிசீவர் இல்லாமல் வேலை ஆகாது. பச்சை பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும். மிச்சமாகும் பணத்தை மில்லிமீட்டரை எண்ணாகக் காட்டும் ரிசீவரில் போடுங்கள். அம்புக்குறி மட்டும் இருந்தால் ஹெல்பர் "இன்னும் கொஞ்சம் வெட்டுங்கண்ணே" என்பார். எண் தெரிந்தால் "12 மில்லி வெட்டுங்கண்ணே" என்பார். கிரேடர் (பரப்பைச் செதுக்கிச் சமமாக்கும் வண்டி) ஆபரேட்டருக்கு வேண்டியது அந்த எண்தான்.

இரட்டைச் சரிவு லேசர் தருவது சாய்ந்த ஒரே தளம். சாலையோ நடுவிலிருந்து இரு பக்கமும் சரிகிறது. இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் வந்தால் குறுக்குச் சரிவை மாற்றிப் போட வேண்டும். மட்ட லேசரில் இது வெறும் கூட்டல் கணக்கு. 3.75 மீட்டர் ஒற்றைத் தடச் சாலையில் நடுவிலிருந்து ஓரம் 1.875 மீட்டர். கேம்பர், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு, 2.5 சதவீதம் என்றால் ஓரம் 47 மில்லி தாழ வேண்டும். ஸ்டாஃபில் (அளவு குறித்த கம்பில்) ரிசீவரை 47 மில்லி ஏற்றிக் கட்டினால் இரு ஓரத்துக்கும் அதே அளவு. லாரி நிறுத்துமிடம், குடோன் முற்றம் மாதிரி ஒரே பக்கம் சரியும் பெரிய பரப்பு என்றால் கதை வேறு. அங்கே இரட்டைச் சரிவுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதைவிட முக்கியமான ஒன்று, பராமரிப்பு. நல்ல லேசருக்குக் கம்பெனிகள் சொல்லும் துல்லியம் 30 மீட்டரில் 1.5 மில்லி. 100 மீட்டரில் அது 5 மில்லி ஆகிவிடும். மத்திய சாலை அமைச்சக விதிப்படி மெஷினில் விரித்த வெட்மிக்ஸுக்குக் கூடக்குறைய 10 மில்லிதான் அனுமதி. அதில் பாதியைக் கருவி புதிதாக இருக்கும்போதே தின்றுவிடுகிறது. ஜீப்பில் குலுங்கிக் கொஞ்சம் தப்பினாலும் மீதியும் போச்சு.

அதனால் வாராவாரம் சோதிக்க வேண்டும். சுவரிலிருந்து 30 மீட்டரில் டிரைபாடை நிறுத்தி, ரிசீவரை வைத்துக் கதிர் படும் உயரத்தைக் குறியுங்கள். லேசரை 180 டிகிரி திருப்பி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடைவெளியில் பாதிதான் பிழை. 90 டிகிரி திருப்பி மற்ற அச்சுக்கும் இதையே செய்யுங்கள். மட்ட லேசருக்கு இதோடு முடிந்தது. இரட்டைச் சரிவுக்கு இதற்கு மேலும் உண்டு: 2 சதவீதம் போட்டால் 30 மீட்டரில் 600 மில்லி இறங்குகிறதா என்று இரு அச்சிலும் பார்க்க வேண்டும். மட்டம் சரியாகக் காட்டிவிட்டுச் சரிவில் மட்டும் தப்பினால், வேலை முடிந்து செக்கிங் வரும்போதுதான் தெரியவரும். கையால் சாய்க்கும் மலிவு மாடல்களில் சரிவு போட்டதும் தானாக மட்டம் பிடிப்பது நின்றுவிடும். ஈரமான ஜி.எஸ்.பி.யில் டிரைபாட் கால் ஒன்று இறங்கினாலும் யாருக்கும் தெரியாது.

ஆட்டோ லெவலை (கண் வைத்துப் பார்க்கும் பழைய மட்டக் கருவியை) தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெஞ்ச் மார்க்கை (உயரம் தெரிந்த குறியை) தூரம் கடத்த அதுதான் நம்பகம், பேட்டரியும் வேண்டாம். விரிக்கும்போது ஒரே ஆள் ஸ்டாஃபும் பிடித்து ரீடிங்கும் பார்க்கலாம் என்பதுதான் லேசரின் லாபம். அதிர்வு ரோலர் பக்கத்தில் ஓடினால் லேசர் சுற்றுவதை நிறுத்திவிட்டு மட்டம் தேடத் தொடங்கிவிடும், தள்ளி வையுங்கள்.

ஏற்காடு மலையில் எனக்கு அனுபவம் குறைவு. 5 சதவீத ஏற்றத்தில் 50 மீட்டருக்கே 2.5 மீட்டர் ஏறிவிடும், மட்ட லேசரை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். ஆனால் அங்குள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குறுக்குச் சரிவு முறுக்கிக்கொண்டே போகும். இரட்டைச் சரிவு லேசரின் ஒரே தளத்தைப் போட்டும் அங்கே எதையும் பிடிக்க முடியாது. மூடுபனியில் கதிர் தூரமும் குறையும்.

எந்த மாடல் வாங்கினாலும் பணம் கட்டுமுன் அந்தச் சுவர்ச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். பழைய கருவி என்றால் கட்டாயம்.