யூஎஸ்பி-6008: ஏஓ முனையில் வோல்டேஜ் சரியாக வராதபோது எங்கே தேடுவது?

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் யூஎஸ்பி-6008, கணினியில் செருகி வோல்டேஜை அளக்கவும் கொடுக்கவும் பல ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் கருவி. ஏஓ என்பது அனலாக் அவுட்புட், மென்பொருளில் எழுதும் வோல்டேஜை வெளியே தரும் முனை. அதைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார்: "5 வோல்ட் எழுதினால் 4 சொச்சம்தான் வருது, ஏஓ போயிடுச்சு." நீண்ட நாள் பயன்பாட்டில் உறுதியாகச் சொல்ல முடிவது, ஏஓ உண்மையிலேயே போயிருப்பது அரிது. கோளாறு பெரும்பாலும் கருவியில் வயர் மாட்டும் ஸ்க்ரூவுக்கு வெளியே, நாம் கட்டிய சர்க்யூட்டில்தான் இருக்கும்.

முதலில் ஏஓ-வில் மாட்டிய எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள். 14ஆம் முனை ஏஓ 0, 15 ஏஓ 1, 16 கிரவுண்ட். மென்பொருளில் 4 வோல்ட் எழுதி, மல்டிமீட்டரை 14-க்கும் 16-க்கும் நேராக ஸ்க்ரூ தலையிலேயே வையுங்கள். பிரெட்போர்டில் அளக்க வேண்டாம். 3.99 வந்தால் அது கோளாறே அல்ல. இது 12 பிட் டிஏசி (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்), ஒரு படி 1.22 மில்லிவோல்ட். லோடு (முனையில் மாட்டும் சர்க்யூட்) இல்லாத நிலையில் முழு அளவில் 7 மில்லிவோல்ட் பிழை வழக்கமானது, 36.4 வரை போகலாம் என்று விவரக்குறிப்பே சொல்கிறது.

லோடு இல்லாமல் சரி, மாட்டியதும் இறங்குகிறது என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஏஓ-வின் உள்தடை 50 ஓம். அது தரக்கூடிய மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர், அவ்வளவுதான். 4 வோல்ட் எழுதிவிட்டு, 14-க்கும் 16-க்கும் இடையே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். மீட்டர் 3.81 காட்ட வேண்டும். லோடு இல்லாத அளவை லோடுடன் வந்த அளவால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கினால் உள்தடை கிடைக்கும்: 4.00 / 3.81 − 1 = 0.05, அதாவது 50 ஓம். இந்தக் கணக்கில் 50-ஐ ஒட்டி வந்தால் ஏஓ ஆரோக்கியமாக இருக்கிறது. 150, 200 என்று வந்தால் ஸ்க்ரூ பிடிப்பையோ உள்ளே பட்ட அடியையோ சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும்.

250 ஓம் ரெசிஸ்டரை நேராக மாட்டினால் 5 வோல்ட் சுமார் 4.17 ஆகச் சரியும், மின்னோட்டமும் எல்லையைத் தாண்டும். 5 வோல்ட் ரிலேவை நேராக இழுக்க முயல்வது இன்னும் மோசம். காயிலின் தடை சுமார் 70 ஓம், தேவை 70 மில்லிஆம்பியர். அதற்கு நடுவில் யூஎல்என்2003 டிரைவர் ஐசி ஒன்றைப் போடுங்கள். அதன் உள்ளீடு ஒன்றரை மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். அந்த ஐசியின் 9ஆம் காலை ரிலேவின் சப்ளையில் சேர்க்க மறக்க வேண்டாம். உள்ளிருக்கும் டையோடுகள் அப்போதுதான் காயில் அணையும்போது வரும் எதிர் வோல்டேஜ் உதையைத் தாங்கும்.

அனலாக் வோல்டேஜாகவே வேண்டும் என்றால் ஆப்-ஆம்ப் பஃபர் (அதே வோல்டேஜை அதிக மின்னோட்டத்துடன் தரும் சர்க்யூட்) போட வேண்டும். இங்கே ஒரு பழைய பொறி உண்டு. கைக்குக் கிடைக்கும் எல்எம்358 ஆப்-ஆம்ப்பை 5 வோல்ட் சப்ளையில் போட்டால் வெளியீடு சுமார் 3.5-க்கு மேல் ஏறாது, பழி ஏஓ மேல் விழும். அதற்கு 12 வோல்ட் சப்ளை கொடுங்கள், அல்லது 5 வோல்டிலேயே எம்சிபி6002 மாதிரி ரெயில்-டு-ரெயில் ஐசி (வெளியீடு கிட்டத்தட்ட சப்ளை அளவு வரை ஏறுவது) போடுங்கள்.

கருவியின் ஏஐ (அனலாக் இன்புட், வோல்டேஜை அளக்கும்) முனையை வைத்தே ஏஓ-வைச் சரிபார்க்கும்போது கவனம் தேவை. வயர் விட்டுப்போன ஏஐ முனை சிங்கிள்-எண்டட் (கிரவுண்டோடு ஒப்பிட்டு அளக்கும்) முறையில் சுமார் 1.4 வோல்ட் காட்டும். உள்ளிருக்கும் ரெசிஸ்டர்களின் வேலை அது. என்ன எழுதினாலும் 1.4-லேயே நிற்கிறது என்றால், ஏஓ-வை விட்டுவிட்டு ஸ்க்ரூவைப் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக் உறை மேலேயே ஸ்க்ரூ இறுகியிருக்கும், செம்பு தொட்டிருக்காது. ஆறேழு மில்லிமீட்டர் உறையை உரித்து, இழைகளை முறுக்கி உள்ளே விட்டு இறுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இன்னொன்று, சிங்கிள்-எண்டட் முறையில் 6008-க்கு 11 பிட்தான். ±10 வோல்ட் வரம்பில் ஒரு படி கிட்டத்தட்ட 10 மில்லிவோல்ட். நுணுக்கமான சரிபார்ப்புக்கு மல்டிமீட்டரே மேல்.

5 வோல்டை ஒட்டிய மேல் அளவுகளில் மட்டும் குறைகிறதா? 31ஆம் முனையின் 5 வோல்ட் சப்ளையை அளந்து பாருங்கள். 4.85-க்குக் கீழே இருந்தால் ஹப்பைத் தவிர்த்து, குட்டையான கேபிளில் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். அந்த முனையிலிருந்து 200 மில்லிஆம்பியருக்கு மேல் எதற்கும் கொடுக்காதீர்கள்.

லேப்வியூ மென்பொருளில் −200077 பிழை வந்தால் பெரும்பாலும் ஏஓ-வின் வரம்பு −10 முதல் 10 வரை என்றே விடப்பட்டிருக்கும். 0 முதல் 5 என்று மாற்றுங்கள். இந்த ஏஓ மைனஸ் பக்கம் போகாது. அலைவடிவமும் இதன் பலம் அல்ல. புதுப்பிப்பு முழுக்க மென்பொருள் வழிதான், நொடிக்கு 150. 10 ஹெர்ட்ஸ் சைன் அலைக்கு 15 படிகள்தான் கிடைக்கும்; அந்தப் படிக்கட்டை யாரும் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

டிசி அளவு சரியாக இருந்தும் மேலே 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறியிருந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இந்தக் கருவியில் ஐசோலேஷன் (கணினியிலிருந்து மின்சாரப் பிரிப்பு) கிடையாது. இரண்டு பின் அடாப்டரின் கசிவு யூஎஸ்பி கிரவுண்ட் வழியாக அப்படியே சர்க்யூட்டுக்கு வந்து சேரும்.

ஏஓ நிஜமாகவே செத்துவிட்டால் அறிகுறி தெளிவு: வயர் எதுவும் இல்லாதபோதும், எதை எழுதினாலும் ஒரே அளவில் நிற்கும், ஏஓ 1 மட்டும் ஒழுங்காக மாறும். பெரும்பாலும் வெளி சப்ளையின் 12 வோல்ட் எப்போதோ அந்த முனையைத் தொட்டிருக்கும். மென்பொருளில் சேனலை ஏஓ 1-க்கு மாற்றி 15ஆம் முனையில் வேலையைத் தொடரலாம். 14ஆம் ஸ்க்ரூ மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி தேதி எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவருக்கு அரை நாள் மிச்சமாகும்.