தகராறு எந்த இடத்தில் வரும்: மீட்டர், ஆப், பிரீபெய்ட், கால் டாக்ஸி

சென்னை சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்குகிறீர்கள். இரவு பத்தரை மணி, கையில் இரண்டு பெட்டி, போக வேண்டியது அடையாறு. ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வெளியே வந்தால் ஆட்டோக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், பிரீபெய்ட் கவுன்டரில் வரிசை நிற்கிறது, செல்போனில் மூன்று ஆப் இருக்கிறது. எது மலிவு என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நான் பல வருடமாக வேறொன்றைப் பார்க்கிறேன். எந்த வண்டியில் தகராறு எந்த இடத்தில் வரும்?

ஏறும் முன் வந்தால் கவலையில்லை, அடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். இறங்கும்போது வந்தால்தான் கஷ்டம். பெட்டி இன்னும் டிக்கிக்குள் இருக்கும், எதிர்வீட்டு பால்கனியில் ஆள் எட்டிப் பார்ப்பார், ஐம்பது ரூபாய்க்காக வாசலில் நின்று யார் கத்துவது?

முதலில் மீட்டர். கொள்கை அளவில் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. ஓடிய தூரத்துக்குக் காசு, நின்ற நேரத்துக்குக் காசு, அவ்வளவுதான். ஆனால் அது காட்டும் விலைதான் செத்துப்போய்விட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 2013 ஆகஸ்டில் அதை மாற்றி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று வைத்தார்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை பாதிக் கட்டணம் கூடுதல். ரசீது அச்சடிக்கும் ஜிபிஎஸ் மீட்டரை அரசே இலவசமாகக் கொடுக்கும் என்றும் அப்போது அறிவித்தார்கள். அந்த ரசீதை நான் இன்றுவரை எந்த ஆட்டோவிலும் கையில் வாங்கியதில்லை.

அதற்கப்புறம் பத்து வருடத்துக்கும் மேலாக அந்த விலை அசையவில்லை. அன்றைக்கு எழுபது சொச்சத்தில் இருந்த பெட்ரோல் நூறைத் தாண்டிவிட்டது. பொறுத்துப் பார்த்த ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் என்று தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. அரசு அதை ஏற்கவில்லை.

இப்போது நம் அடையாறு சவாரியைக் கணக்குப் போடுங்கள். 10 கிலோமீட்டருக்கு 2007 விலையில் 62 ரூபாய். 2013 விலையில் 123 ரூபாய் 40 காசு. சங்கம் சொன்ன விலையில் 197 ரூபாய் 60 காசு. 123-க்கும் 198-க்கும் நடுவே எழுபத்தைந்து ரூபாய். நான் பார்த்த ஆட்டோச் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த எழுபத்தைந்து ரூபாய் யாருடையது என்பதுதான். பயணி சட்டத்தைப் பேசுகிறார், ஓட்டுநர் விலைவாசியைப் பேசுகிறார், இருவர் சொல்வதும் உண்மை. பின்சீட்டிலும் முன்சீட்டிலும் உட்கார்ந்துகொண்டு அதைத் தீர்க்க முடியாது.

ஆகவே பேரம். மீட்டர் போட மாட்டார், ஒரு தொகை சொல்வார், நாம் ஒன்று சொல்வோம். பேரத்தைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது பாருங்கள். நடுவே இருநூற்றைம்பதில் ஒத்துப்போனால் இறங்கும்போது எண்ணிக் கொடுத்துவிட்டு நடக்கலாம். ஊர் தெரியாதவருக்குத்தான் இது ஆகாது. சொல்கிற தொகை நியாயமா என்று அளக்க அவரிடம் ஏதும் இல்லை. எழும்பூருக்கும் அண்ணா நகருக்கும் ஒரே விலை சொன்னாலும் தலையாட்டுவார்.

பேரத்தில் ஒரே ஒரு சொற்றொடரிடம் எச்சரிக்கையாக இருங்கள்: "ஏறுங்க சார், பாத்துக் குடுங்க." விலை பேசாமல் ஏற வைக்கும் மந்திரம் அது. நீங்கள் பார்த்துக் கொடுக்கும் தொகையும் அவர் பார்த்து எதிர்பார்க்கும் தொகையும் என் அனுபவத்தில் ஒரு தடவைகூடப் பொருந்தியதில்லை. அதேபோல "ரிட்டன் சவாரி கெடைக்காது" என்பதைப் பொய் என்று உடனே தள்ளிவிடாதீர்கள். புறநகரின் உள்தெருவுக்கு இரவில் போனால் உண்மையாகவே காலியாகத்தான் திரும்ப வேண்டும். ஷேர் ஆட்டோவில் இந்தப் பேச்சே கிடையாது. இறங்கும் இடம் சொன்னால் விலை தெரியும், தட்டினால் நிறுத்துவார்.

ஆப் வந்தபோது இதெல்லாம் ஒழிந்தது என்று நினைத்தோம். கார் டாக்ஸியில் கொஞ்சம் ஒழிந்ததும் உண்மை. தொகை முன்னாலேயே தெரிகிறது, ஓட்டுநர் பெயர் தெரிகிறது, போகும் வழியை வீட்டில் இருப்பவர் பார்க்கலாம். தனியாக வரும் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் தகராறு எங்கேயும் போகவில்லை, ஓடிபி சொல்வதற்கு முன்னால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் நடந்தது. வண்டி நான்கு நிமிடத்தில் வரும் என்று திரை சொன்னது. போன் வந்தது. "சார், டிராப் எங்க?" சொன்னேன். "கேஷா, ஆன்லைனா?" "ஆன்லைன்." ஒரு நொடி சத்தமில்லை. "சரி சார், வரேன்." வரைபடத்தில் அந்தக் குட்டிக் கார் நகரவே இல்லை. எட்டு நிமிடம் ஒரே முக்கில் நின்று மூக்கை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். "நீங்களே கேன்சல் பண்ணிருங்க சார்."

யார் ரத்துப் பொத்தானை அழுத்துகிறாரோ அவர் கணக்கில்தான் அபராதம் ஏறும், விஷயம் அவ்வளவுதான். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், தகுந்த காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், ஓட்டுநருக்கும் பயணிக்கும் ஒரே மாதிரி என்று இருக்கிறது. அதனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து யார் முதலில் கண் சிமிட்டுவது என்று பார்ப்பதுபோல் காத்திருக்கிறார்கள். நான் சும்மா அழுத்திவிடுவதில்லை. "வர மறுக்கிறார்" என்ற காரணத்தைத் தேடி எடுத்து அதில்தான் ரத்து செய்கிறேன், திரையையும் படம் பிடித்து வைக்கிறேன்.

ஓட்டுநர் பக்கமும் காரணம் உண்டு. ஆன்லைன் பணம் கம்பெனிக்குப் போய், கமிஷன் கழிந்து, அப்புறம் வரும். அவருக்கு வண்டியில் கேஸ் நிரப்ப இன்றைக்கே காசு வேண்டும். உங்களை ஏற்ற வரும் மூன்று கிலோமீட்டருக்கு அவருக்குப் பெரும்பாலும் ஏதும் கிடைப்பதில்லை. ஏசி சண்டையும் இதே கணக்கில் வருவதுதான். நீங்கள் திரையில் ஏசி காருக்குக் கொடுத்தீர்கள், அவர் கைக்கு வரும் தொகையில் ஏசிக்கு இடமில்லை. கட்டணத்தை வைத்தது மூன்றாவது ஆள், அவர் வண்டியிலேயே இல்லை.

நெருக்கடி நேர விலைக்கு 2020 வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு என்று வரம்பு வைத்திருந்தது, 2025-இல் அதை இரண்டு மடங்காக்கினார்கள். மழை நாளில் திரையில் தெரியும் தொகையைப் பார்த்து ஓட்டுநரைத் திட்டுவதில் பயனில்லை.

ஆட்டோ ஆப்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2022 நவம்பரில் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி, சவாரிக்குச் சவாரி கமிஷன் எடுப்பதற்குப் பதில் ஓட்டுநரிடம் நாளுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கும் வழியைக் காட்டியது. ராபிடோ 2024-இல் ஆட்டோக்களுக்கு அந்த வழிக்கு வந்தது, ஊபர் 2025 பிப்ரவரியில் ஆட்டோவுக்கு அதையே செய்தது, ஓலாவும் பின்னாலேயே வந்தது. ஓட்டுநருக்கு நல்லதுதான், முழுத் தொகையும் அவர் கையில். ஆனால் ஊபர் அதோடு ஒன்று சொன்னது. ஆட்டோவுக்குத் திரையில் காட்டும் தொகை வெறும் பரிந்துரை, கடைசித் தொகையை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், பணத்தையும் நேரே கொடுத்துவிடுங்கள்.

அதாவது பேரம் திரும்பி வந்துவிட்டது. பயணிக்குத் திரையில் இருக்கும் 180 என்பது முடிந்த விலை. ஓட்டுநருக்கு அது பேச்சைத் தொடங்கும் விலை. பழைய பேரத்தில் ஏறும் முன் இரண்டு பேருக்கும் அது பேரம் என்று தெரியும். இதில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அதனால்தான் "ஆப்ல வர்றத விட முப்பது மேல போட்டுக் குடுங்க" என்பது ஏறிய பிறகோ இறங்கும்போதோ வந்து குதிக்கிறது. இன்னொரு வேடிக்கை, அந்த "மேல போட்டுக் குடுங்க" திரையிலேயே பொத்தானாகவும் வந்தது. வண்டி கிடைக்க 10, 20, 30 ரூபாய் சேர்க்கிறீர்களா என்று ஆப்பே கேட்டது. இப்படி முன்கூட்டியே டிப் கேட்பது பற்றி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. கேட்பவர் ஆட்டோக்காரர் என்றால் அடாவடி, திரை என்றால் வசதி என்று நாமும் பழகிவிட்டோம்.

பிரீபெய்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் அழகு. கவுன்டரில் இடத்தைச் சொன்னால் சீட்டு வரும், தொகை அச்சாகி இருக்கும். பேச்சு முடிந்தது. வரும் தகராறு ஒன்றே ஒன்று: "உள்ள வண்டி திரும்பாது, மெயின் ரோட்லயே இறங்கிக்கோங்க." ஓட்டுநரிடம் சேர வேண்டிய சீட்டு உங்கள் கையில் இருக்கும்வரை வண்டி திரும்பும். வாசலில் பெட்டி இறங்கிய பிறகு கொடுங்கள். விலை பேரத்தைவிடச் சற்றுக் கூடும், வரிசையும் நிற்க வேண்டும். விமான நிலையத்தில் ஆப் வண்டிகளைப் பிடிக்க 2022 டிசம்பரில் திறந்த பலமாடி வாகன நிறுத்தத்துக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களுக்கு, பிரீபெய்ட் கவுன்டரின் வரிசை பெரிதாகத் தெரியாது.

வெளியூர் என்றால் கால் டாக்ஸி, டிராவல்ஸ் வண்டி. மற்றதிலெல்லாம் ஐம்பது, நூறு ரூபாய்ச் சண்டை. இதில் ஆயிரக்கணக்கில் வரும். சண்டைக்காரச் சொற்கள் நான்கு: மினிமம் கிலோமீட்டர், ஷெட் டு ஷெட், டிரைவர் பேட்டா (ஓட்டுநருக்கு நாளுக்குக் கொடுக்கும் படி), நாள் கணக்கு. போய்த்திரும்பும் பயணத்துக்கு நாளொன்றுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டர் மினிமம் என்பார்கள். நீங்கள் காஞ்சிபுரம் போய் வந்து 150 ஓடினாலும் முழுதும் கட்ட வேண்டும். கிலோமீட்டர் உங்கள் வாசலில் தொடங்காது, வண்டி நிற்கும் ஷெட்டில் தொடங்கி ஷெட்டில் முடியும். நாள் என்பது பல இடங்களில் நள்ளிரவு 12 முதல் நள்ளிரவு 12 வரை.

எங்கள் குடும்பம் இதில் மாட்டியிருக்கிறது. கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணம், ஒரே நாளில் போய்த் திரும்பல். திண்டிவனம் தாண்டி டீக்கடையில் நிறுத்தச் சொன்னது என் சித்தப்பாதான். வீடு வந்தபோது மணி பன்னிரண்டேகால். டிரைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், ரெண்டு நாள் கணக்கு ஆயிருச்சு." அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இன்னொரு மினிமமும் இன்னொரு பேட்டாவும். சித்தப்பா அந்த டீயின் விலையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது முன்பதிவு செய்யும்போதே டோல், பார்க்கிங், மலைச் சார்ஜ், பேட்டா, வெளிமாநில பெர்மிட் யார் தலையில் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுகிறேன். போகும் வழி மட்டும் என்றால் டிராப் டாக்ஸி மேல். அதிலும் மினிமம் உண்டு, ஆனால் நாள் கணக்கு இல்லை.

அப்படியானால் அந்தப் பத்தரை மணிக்கு? பெட்டியோடு இருந்தால் பிரீபெய்ட் வரிசையில் நிற்பேன். கையை வீசிக்கொண்டு தனியாக வந்தால் பேரம். வீட்டுப் பெண்களை அனுப்பும்போது ஆப் கார், கேஷ் என்று போட்டு. முறைகேடு கைமீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, ஆனால் வண்டி எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றும் இல்லாமல் புகார் நிற்காது.

எங்கள் தெரு முனை ஸ்டாண்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எண்பது ரூபாய், மழையானாலும் எண்பது. ஒருநாள் அவர் போனில் மூன்று ஆப்பும் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்தேன். எது நல்லது என்று கேட்டேன். பெல் அடித்தது, திரையைப் பார்த்தார், வேண்டாம் என்று தள்ளினார். "எது பக்கத்துல இருக்கோ அதுதான் நல்லது" என்றார். உடனே அடுத்தது அடித்தது. காதில் போனை வைத்து, "சார், டிராப் எங்க?"